ஏழு எண்ணும் வரை

ஜனவரி 9

அன்புள்ள சுண்டு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? வயிற்றெரிச்சல் குறைந்ததா? வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. மாமாவுக்கு முட்டிவலி. ஆனால் குரல் மட்டும் குறையவே இல்லை, தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

நீ சொன்னபடி பேனா வாங்கிவிட்டேன். "ரெண்டு பேரும் நாள் பூரா திரையத்தான் பாக்குறோம், நாம பேசிக்கிறதையாவது கையால எழுதுவோம்க்கா. காகிதத்துல எழுதினா நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாது" என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா இது?

உங்கள் புது டேப் வந்துவிட்டது. பன்னிரண்டு பெட்டி. கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பத்து நாளாகிறது, இரண்டுதான் போயிருக்கிறது. வருகிறவர்கள் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இதுல என்னம்மா புதுசு?" என்கிறார்கள். நீ அனுப்பிய தாளைப் பார்த்து, மெல்லிசு, வேகம் என்று ஒப்பிக்கிறேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் புது மாடல் வந்தால் வாங்க வக்கில்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது எதிர்க்கடையில் குடைக்குத் தள்ளுபடி என்றால் அங்கேதான் கூட்டம்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. மூன்று வருஷப் பழைய டேப்பையும் உங்கள் புதியதையும் ஒரே மாதிரி கறுப்பு உறையில் போட்டு மேஜைமேல் வைத்து, எது புதுசு என்று கேட்டேன். பதினாறு பேரில் ஒன்பது பேர் பழையதைக் காட்டினார்கள். மாடியில் இருக்கும் பல் டாக்டர், "கண்ண மூடிட்டுத் தொடுறேன்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ஹாரன் அண்ணனும் வந்திருந்தார். அவரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. பஸ் ஓட்டியவர், ஹாரனிலேயே பேசுவார் என்று அந்தப் பெயர். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நான்கு நாள் என் கடைப் பின்னறையில் உட்கார்ந்து, நூற்று நாற்பது வாக்கியங்களைத் தன் குரலிலேயே பேசிப் பதிந்து வைத்தார். ஒரு மாணவன் அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பட்டனைத் தொட்டால் டேப் அவர் குரலில் பேசும். இப்போது பஸ் நிலைய விசாரணை ஜன்னலில் அவருக்கு வேலை. "மூணாவது நடைமேடை", "அது போயிடுச்சு, அடுத்தது அரை மணியில" எல்லாம் அவர் குரல். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் வாய் திறக்கவில்லை என்பதே தெரியாது.

அந்த டேப்பின் முதுகிலும் என் சீட்டு இருக்கிறது. நான் விற்கிற ஒவ்வொன்றிலும் கையால் எழுதி ஒட்டுவேனே, 'பத்து வருஷம் உழைக்கும். நான் பொறுப்பு' என்று. உங்கள் கம்பெனிக்குப் பிடிக்காது என்று தெரியும். ஒட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உனக்குக் கழுத்துவலி இருந்ததே, அதைப் பற்றி எழுதவே இல்லை. வயிறு பரவாயில்லை. காபியை விட்டுவிட்டேன், அதாவது மாலையில்.

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பல் டாக்டர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். இங்கே பெரிய மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஏன் யாரும் வாயைப் பிளப்பதில்லை என்று வாரக்கணக்கில் பேசுகிறார்கள். நீ ஒரு மேஜையும் இரண்டு உறையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டாய்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். எங்கள் தளத்தில் சில நாற்காலிகள் காலியாகிவிட்டன, அதனால் சத்தம் குறைவு, வேலை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா, உன் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை, அதனால் கேட்கிறேன். ஒரு டேப் மெதுவாக இருந்தால் ஜனங்கள் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்கிறார்கள்? எப்போது சலித்துக்கொள்கிறார்கள்? நேரம் கிடைத்தால் பார்த்துச் சொல். சும்மா ஓர் ஆர்வம்தான்.

உன் சுண்டு

பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டு,

எல்லோரும் சௌக்கியம். கழுத்துவலி இருக்கத்தான் இருக்கிறது, தலை இருக்கும்வரை இருக்கும். உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? அவளை ஒரு வரி எழுதச் சொல்.

நீ கேட்டதை ஒரு வாரம் பார்த்தேன். மூலையில் கோளாறான டேப் ஒன்று கிடக்கிறது, தொட்டால் யோசித்து யோசித்துத்தான் திறக்கும். அதை வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று மேஜைமேல் விரலால் தட்டி எண்ணினேன். மூன்று எண்ணும் வரை யாரும் அசைவதில்லை. ஐந்தில் ஒரு பெருமூச்சு வருகிறது. ஏழு எண்ணிவிட்டால் கண் தானாகக் கண்ணாடி அலமாரிப் பக்கம் போகிறது, "அது என்ன விலைம்மா?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்று நினைத்தேன். மாறவே இல்லை. ஸ்கூல் டீச்சருக்கும் ஏழு, காய்கறி வண்டிக்காரருக்கும் ஏழு.

அந்த வாரம் உங்கள் புது டேப் நான்கு விற்றது என்றால் நம்புவாயா? ஒரு மாதமாக நான் தொண்டை வறளப் பேசி நடக்காதது, ஓர் ஓட்டை டேப்பால் நடந்தது. ஆகவே உங்கள் கம்பெனிக்கு என் இலவச யோசனை: புதுசை வேகமாக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பழசைக் கொஞ்சம் சோம்பேறியாக்கிவிடுங்கள், புதுசு தானாகச் சுறுசுறுப்பாகிவிடும். இதற்குப் பரிசாக எனக்கு ஒரு நல்ல நாற்காலி அனுப்பச் சொல்.

மாமா கூப்பிடுகிறார், ஒத்தடத்துக்கு நேரமாகிவிட்டதாம். உன்னால்தான் இந்த வேலை.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்குக் குணமாகிவிட்டதா? வேலை கொஞ்சம் கூடிவிட்டது, அதனால்தான் தாமதம்.

ஒரு நல்ல செய்தி. எனக்கு இங்கே தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலோடு. இப்போது எட்டுப் பேர் என்கீழ் வேலை பார்க்கிறார்கள். எதற்காக என்று கேட்டால் நீளமாகச் சொல்ல வேண்டும், நேரில் சொல்கிறேன்.

நீ எண்ணிய கணக்கைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி. வயதானவர்களுக்கும் அதே ஏழுதானா? பிறகு, டேப் மெதுவாகிவிட்டால் அவர்கள் யார்மேல் பழி போடுகிறார்கள்? கம்பெனியையா, கடையையா, தங்களையேவா? அவர்கள் சொல்வதை அப்படியே எழுது, வார்த்தையை மாற்றாதே.

உன் தம்பி

மார்ச் 10

அன்புள்ள சுண்டு,

உன் கடிதம் வந்த அன்று மாமா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "மச்சானுக்குத் தனி ரூம் குடுத்துட்டாங்க, ஜன்னலோட" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிவிட்டேன். பரீட்சைக்கு முதல் நாள் பென்சிலைத் தொலைத்துவிட்டு அழுத பயல் எட்டுப் பேரை வேலை வாங்குகிறான். தலைக்கனம் வந்துவிடாமல் பார்த்துக்கொள். வயிறு எப்படி?

நீ கேட்டதற்குப் பதில். வயதானவர்கள் ஒன்பது வரை பொறுக்கிறார்கள். ஆனால் முகம் ஏழிலேயே வாடிவிடுகிறது. பழி யார்மேல் என்றால், இதைக் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருவர்கூடக் கம்பெனியைத் திட்டவில்லை. "வாங்கி நாளாச்சுல்ல, அதுக்கும் வயசாகுதுல்ல" என்கிறார்கள். "நான்தான் கண்டதையும் உள்ள போட்டு அடைச்சுட்டேன் போல" என்கிறார்கள். ரிட்டையரான நர்ஸ் அம்மா ஒருத்தி, "எனக்குத்தான் சரியா தொடத் தெரியலையோ என்னவோ" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பேசினாள். பாவமாக இருந்தது. வார்த்தையை மாற்றாமல் எழுதியிருக்கிறேன், போதுமா ஆபீசர் ஐயா?

ஏதோ ஜனங்களின் கஷ்டத்தைக் குறைக்கத்தான் கேட்கிறாய் என்று தெரிகிறது. என்னால் ஆனது, என்ன வேண்டுமானாலும் கேள்.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள சுண்டு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? வீட்டில் எல்லோரும் நலம்தானே? இரண்டு தடவை போன் செய்தேன், கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இங்கே ஒரு பெரிய தலைவலி. போன மாதம் உங்கள் கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியதே, அதைப் போட்ட நாளிலிருந்து பழைய டேப்புகள் எல்லாம் சொணங்கிப்போய்விட்டன. தொட்டால் உடனே திறப்பதில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். திருப்பிக் காட்டுகிறார்கள், முதுகில் என் கையெழுத்து. 'பத்து வருஷம் உழைக்கும். நான் பொறுப்பு.' யாரும் சண்டை போடவில்லை. "வயசாயிடுச்சு போலம்மா, புதுசு ஒண்ணு எடுத்துக் குடு" என்கிறார்கள். கண்ணாடி அலமாரி காலி. கடை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி விற்றதில்லை. விற்று முடித்து ஷட்டரை இறக்கும்போது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அதைவிட ஹாரன் அண்ணன் விஷயம். ஜன்னலில் ஒருவர் கேட்கிறார், இவர் பட்டனைத் தொடுகிறார், குரல் வருவதற்குள் கேட்டவர் போய்விடுகிறார். அடுத்து நிற்பவருக்கு முதல் ஆளுக்கான பதில் போகிறது. போன வாரம் ஓர் அம்மா தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டாள். மேலே புகார் போய்விட்டது. நிலைய அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றிருக்கிறார். இன்னொரு புரோகிராமுக்கு மாற்றவும் வழியில்லை, பதிந்ததெல்லாம் அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. எழுதிய மாணவனும் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறார்கள். உனக்குக்கீழ் எட்டுப் பேர் இருக்கிறார்களே, கொஞ்சம் பார்க்கச் சொல்லடா. நான் அவரிடம், "என் தம்பி அங்கதான் இருக்கான், கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

அப்டேட்டில் தவறு எதுவும் இல்லை. பழைய பேட்டரிகளைப் பாதுகாப்பதற்காகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். எந்தச் சாதனத்துக்கும் வயதாகத்தான் செய்யும், வாடிக்கையாளர்களும் அதைப் புரிந்துகொண்டிருப்பதாக நீயே எழுதியிருந்தாய். பழையதைக் கொண்டுவருபவர்களுக்குப் புதியதில் தள்ளுபடி கொடுக்கச் சொல்லியிருக்கிறோம், உன் கடைக்கும் தாள் வரும்.

முதுகில் சீட்டு ஒட்டுவதை மட்டும் நிறுத்திவிடு அக்கா. உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

வேலை அதிகம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்கிறீர்களா? எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம், இப்போதுதான் கை வந்தது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஐந்தாம் மாதம். மூன்று மாதம் கழியட்டும், பிறகு சொல்லலாம் என்று இவர் சொன்னார், அப்புறம் ஏனோ சொல்லவே இல்லை. எனக்கு மசக்கை நின்றுவிட்டது, இவருக்குத்தான் ராத்தூக்கம் இல்லை. அப்பா ஆகப்போகிற பயம் போல.

போன வாரம் ஆபீசில் குடும்பத்தாரை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். அண்ணி, அங்கே நீங்கள்தான் பெரிய ஆள். உங்கள் கடிதம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டியிருக்கிறார்கள். 'மூன்று எண்ணும் வரை யாரும் அசைவதில்லை, ஐந்தில் ஒரு பெருமூச்சு' என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏழு என்பதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்கள். இவருடைய மேலதிகாரி என்னிடம் வந்து, "அந்தம்மா எழுதின ஒரு பக்கம் எங்க நூறு பேரோட வேலைய செஞ்சுடுச்சு" என்றார். எனக்கு ஒரே பெருமை. திரும்பிப் பார்த்தேன், இவரைக் காணோம். வெளியே காரில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் கடிதம் எதுவும் வீட்டுக்கு வருவதில்லை, எல்லாம் ஆபீசிலேயே இருக்கிறது. எனக்கும் படிக்க ஆசை. இனிமேல் எழுதினால் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 9

சுண்டு,

உன் வீட்டுக்காரிக்குத் தனியாக எழுதிவிட்டேன். சந்தோஷம் என்று மட்டும்தான் எழுதினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அவள் கடிதத்தைப் படித்துவிட்டு ஹாரன் அண்ணனை வரச் சொன்னேன். டேப்பை மேஜைமேல் வைத்துத் தொடச் சொன்னேன். விரலால் தட்டி எண்ணினேன். ஏழில் குரல் வந்தது. இன்னொரு பட்டன். ஏழு. மூலையில் கிடந்த இன்னும் நான்கு பழைய டேப்புகளை எடுத்து எண்ணினேன். ஏழு, ஏழு, ஏழு, ஏழு. பேட்டரிக்கு இவ்வளவு ஒழுங்காக எண்ணத் தெரியுமா?

என் எழுத்தை எடுத்துக்கொண்டுபோய் என் ஜனங்கள் கழுத்திலேயே வைத்துவிட்டாயே. புதுசு என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை, அதனால் பழசின் காலை உடைத்திருக்கிறீர்கள். எங்கே அடித்தால் சத்தம் வராது என்று கேட்டாய், நானும் காட்டிக்கொடுத்தேன். அந்த நர்ஸ் அம்மா தன்னையே நொந்துகொண்டதை வார்த்தை மாறாமல் எழுதச் சொன்னாயே, அது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நான் என்னவோ நீ ஜனங்களுக்கு நல்லது செய்யப் போகிறாய் என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

திட்டி ஓய்ந்துவிட்டேன். இப்போது ஒரே ஒரு காரியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீதான் சொன்னாய், பழைய மென்பொருள் ஒவ்வொன்றையும் உள்ளே பத்திரமாக வைத்திருப்போம், வேண்டுமென்றால் திருப்பிப் போட்டுவிடலாம் என்று. ஹாரன் அண்ணனின் டேப்புக்கு அந்தப் பழையதை அனுப்பு. ஒரே ஒரு டேப்புக்கு. யாரிடமும் சொல்லமாட்டேன். நிலைய அதிகாரி இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அனுப்பு. போதும். மற்றதை நீயும் நானும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஆறு வாரம் போய்விட்டது. என்னை மன்னித்துவிடு.

ஜனவரியில் எங்கள் பிரிவை மூடப்போவதாக இருந்தார்கள். நாற்பது பேர் பட்டியலில் என் பெயர் நான்காவது. காலி நாற்காலிகள் என்று எழுதினேனே, அது அதுதான். பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில், பேச எதுவும் இல்லாமல், சட்டைப்பையில் இருந்த உன் கடிதத்தைப் படித்தேன். நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் படித்தேன், சத்தியமாக. சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மேலதிகாரி அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்போதுகூட இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நீ கேட்டதை அனுப்ப முடியாது அக்கா. உள்ளே யார் எதை எடுத்தாலும் பெயர் பதிவாகிவிடும். என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். குழந்தை வேறு வரப்போகிறது. நீ என் இடத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய்.

அதற்குப் பதிலாக, ஊழியர்களுக்கென்று கொடுக்கும் ஒதுக்கீட்டில் எங்கள் மிகப் புதிய டேப் ஒன்றை அவருக்காக அனுப்பியிருக்கிறேன். இன்னும் கடைகளுக்கே வரவில்லை. தொட்ட மாத்திரத்தில் பேசும். அவருக்குப் பிடிக்கும். சட்டம் போட்ட கடிதத்தையும் கழற்றச் சொல்லிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

உன் சுண்டு

செப்டம்பர் 14

சுண்டு,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தேன், மறைக்கவில்லை. நல்ல சாமான். தொட்ட மாத்திரத்தில் பேசியது, நீ சொன்னபடியே. ஆனால் ஹாரன் அண்ணனின் பழைய புரோகிராமை அது ஏற்கவில்லை. அதற்குள் இருந்தது யாரோ ஒரு வானொலிக்காரர் குரல். ஹாரன் அண்ணன் 'சாப்பிட்டியா' என்று எழுதித் தொட்டார். அது அந்த வானொலிக் குரலில் கேட்டது. கூட வந்திருந்த அவருடைய மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் அதைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, என் பக்கம் தள்ளினார். இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி வரை நான் ஒன்றும் செய்யவில்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். நீ அனுப்புவாய் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். மாமா, "வேற வழியும் பாத்து வைடி" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவரிடம் சண்டைக்குப் போனேன். ஒன்றாம் தேதி அந்த ஜன்னலில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார். உன்னை நம்பியது என் தப்பு. அந்தத் தப்புக்கு அவர் வேலை போய்விட்டது.

உன் கடிதத்தையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். ஏழு எண்ணிய கடிதத்தைச் சிரிப்புக்காகப் படித்தாய், நம்புகிறேன். தனி அறை கிடைத்த பிறகு இன்னும் இரண்டு கேள்வி கேட்டாயே, யார்மேல் பழி போடுகிறார்கள் என்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படிக் கேட்ட கடிதத்தில்தான் சுண்டு என்று கையெழுத்துப் போடுவதை நிறுத்தினாய். உன் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. என் இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

என் பங்கும் இதில் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். முதுகில் என் சீட்டு உள்ள டேப்போடு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன். "எண்ணிச் சொன்னது நான், செஞ்சது என் தம்பி. உங்க மேல தப்பு இல்ல" என்று. சிலர் திட்டுகிறார்கள். நர்ஸ் அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலாம். கடைசியாக வந்து விற்காமல் கிடந்த உங்கள் பெட்டிகளையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி என் கடையில் பழசைப் பழுதுபார்ப்பது மட்டும்தான்.

பின்னறையில் ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது, செங்கல் மாதிரிக் கனம், இணையத்தோடு ஒரு தடவைகூடச் சேர்த்ததில்லை. உங்கள் கை எட்டாத ஒரே சாமான் அதுதான். அதன் பக்கத்தில் ஹாரன் அண்ணனின் டேப்பை வைத்து, அவர் ஒவ்வொரு பட்டனாகத் தொட, வருகிற குரலை அதில் பதிந்தோம். வேறு வழி இல்லை. இதை ஜூலையிலேயே செய்திருக்கலாம்.

நடைமேடை எண்களை விட்டுவிடலாமா என்று கேட்டேன், இனி எதற்கு என்று. அவர் தலையை ஆட்டி மறுத்தார். எல்லாம் வேண்டும் என்று கையைக் காட்டினார். அதனால் நூற்று நாற்பதையும் பதிந்தோம். இரண்டு நாள் ஆனது. அவர் தொடுவார், நான் மேஜைமேல் விரலால் தட்டி ஏழு எண்ணுவேன், "மூணாவது நடைமேடை" என்று குரல் வரும். திரும்பத் தொடுவார், திரும்ப ஏழு எண்ணுவேன். நூற்று நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் உன் முகம்தான் வந்தது, பென்சிலைத் தொலைத்துவிட்டு நின்றாயே, அந்த முகம்.

லேப்டாப்பின் மூடியில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். 'நான் பொறுப்பு' என்று மட்டும் எழுதினேன். எத்தனை வருஷம் என்று எழுதவில்லை.

உன் வீட்டுக்காரியை விசாரித்தேன் என்று சொல். நன்றாகச் சாப்பிடச் சொல், பளு தூக்க வேண்டாம் என்று சொல். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீ பதில் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

அக்கா